எற்பாட்டு ஒளி

நுழையும்முன்

கண்முன் விரியும் காட்சியிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டுமே கேமரா எடுத்துக்கொள்கிறது. எந்தப் பகுதி, எந்தப் பொழுதில், எந்தக் கோணத்தில் என்பதை அதைக் கையில் ஏந்தியவர் முடிவு செய்கிறார். திருப்பூர் வட்டாரத்தின் குளக்கரையிலும் மேய்ச்சற்காட்டிலும் ஒரு பிற்பகல் முழுவதும் ஒளிப்படம் எடுப்பவர் எவற்றைக் காண்கிறார், எவற்றைத் தேர்கிறார், எவற்றை விட்டுவிடுகிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்துரைக்கிறது தொல்காப்பியம். ஓரிடத்தை மட்டும் கூறினால் காட்சி நிறைவு பெறாது. அவ்விடம் ஆண்டின் எந்தப் பருவத்தில், நாளின் எந்தப் பகுதியில் காணப்பட்டது என்பதும் உடன் சேர வேண்டும். அதனால்தான் ஆண்டினைப் பெரும்பொழுதுகளாகவும் நாளினைச் சிறுபொழுதுகளாகவும் தமிழர் பகுத்தனர். சிறுபொழுதுகளுள் ஒன்று எற்பாடு. ‘எல்’ என்பது கதிரவனைக் குறிக்கும். ‘பாடு’ என்பது சாய்தலைக் குறிக்கும். பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரையுள்ள நேரம் எற்பாடு எனப்படுகிறது.

இயற்கைக் காட்சிகளை ஒளிப்படமாக்கும் கலைக்கும் நிலமும் பொழுதுமே அடிப்படை. ஒரே குளம் நண்பகலில் வெளிறித் தோன்றும். எற்பாட்டின் தொடக்கத்தில் நீலமும் பச்சையும் கொள்ளும். எற்பாடு முடியும் தறுவாயில் பொன்னிறம் பூணும். மழைக்குப் பின் கரை ததும்ப நிற்கும் அதே குளம் முதுவேனிலில் வெடித்த சேற்றுப்பரப்பாகக் கிடக்கும். ஆகவே, ‘குளத்தின் படம்’ என்று ஒன்றைச் சொல்வது அரைகுறைச் செய்தியே ஆகும். எந்நாளில், எப்பொழுதில் எடுக்கப்பட்டது என்பதும் தெரிந்தால்தான் அப்படம் முழுமை பெறும்.

பின்னலாடை நகரின் நீர்நிலை

பின்னலாடைத் தொழிலால் உலகம் அறிந்த நகரம் திருப்பூர். நூல் பின்னுதல், வெளுத்தல், சாயமேற்றல், அச்சிடுதல், வெட்டுதல், தைத்தல் எனப் பல படிநிலைகள் இவ்வட்டாரத்திலேயே நடைபெறுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளதால் இங்கு மழை குறைவு. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே சென்று காவிரியில் கலக்கும் நொய்யலாறும், அதன் படுகையில் முன்னோர் அமைத்த குளங்களும் இந்நிலத்தின் நீர்வளத்தைக் காத்து வந்துள்ளன.

அத்தகைய நீர்நிலைகளுள் ஒன்று திருப்பூரை அடுத்த சர்க்கார் பெரியபாளையத்தில் உள்ள நஞ்சராயன் குளம். பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்னும் மன்னர் இதனைச் செப்பனிட்டதால் அவர் பெயரே இதற்கு வழங்கலாயிற்று என்பர். நல்லாற்றின் வழியே வரும் மழைநீரே இக்குளத்தின் முதன்மையான நீர்வரத்து. ஏறத்தாழ 125 ஹெக்டேர் பரப்புடைய இக்குளம் 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. குளத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் 77 வகைத் தாவரங்களும் பதிவாகியுள்ளன.

தொழில் நகரத்தின் அருகிலேயே இத்தகைய நீர்நிலை இருப்பது ஒளிப்படக் கலைஞருக்கு வாய்ப்பாகவும் சோதனையாகவும் அமைகிறது. நாமக்கோழிகள் நீந்தும் நீரையும், அதன் பின்னே எழும் கட்டடங்களையும், மின்கம்பிகளையும் ஒரே பார்வையில் காண முடிகிறது. அவற்றுள் எதைப் படத்துக்குள் கொண்டுவருவது என்னும் வினா கரையில் கால் வைத்தவுடனே எழுந்துவிடுகிறது.

பிற்பகலின் மூன்று ஒளிகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் முன்பனிக் காலம் இவ்வட்டாரக் குளங்களைப் படமெடுக்க ஏற்றது. நீர் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். ஜனவரி மாதத்தில் கதிரவன் மாலை 6 மணிக்குச் சற்றுப் பின்னர் மறைகிறது. பிற்பகல் 3 மணியளவில் கரையை அடைபவர்க்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வகை ஒளிகள் கிடைக்கின்றன.

முதலாவது, 3 மணி முதல் 4.30 மணி வரையுள்ள வெள்ளொளி. இந்நேரத்தில் நிழல்கள் கருமையாகவும் ஒளிபட்ட இடங்கள் வெண்மையாகவும் இருக்கும். இவ்வேளை படமெடுப்பதைவிட இடம் பார்ப்பதற்கே மிகுதியும் பயன்படுகிறது. கரை நெடுகிலும் நடந்து, எங்கு நின்றால் நீரும் மரமும் வானும் ஒழுங்காக அமையும், கதிரவன் எந்த மரத்துக்குப் பின்னே இறங்கும் என்பனவற்றைக் கணித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கதிரவன் தொடுவானத்தை நெருங்கும் நேரத்தில் கிடைக்கும் பொன்னொளி. கதிரவன் உச்சியில் இருக்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தில் குறைந்த தொலைவையே கடந்து வருகிறது. சாயும்போது மிக நீண்ட தொலைவைக் கடக்க நேர்கிறது. அப்பயணத்தில் நீலநிற ஒளி பெரிதும் சிதறிப்போக, சிவப்பும் மஞ்சளும் மிகுதியாக எஞ்சி வருகின்றன. பக்கவாட்டில் விழும் அவ்வொளியில் புல்லின் ஒவ்வொரு தாளும், நீரின் ஒவ்வொரு நெளிவும் தனக்கென ஒரு நிழலைப் பெறுகின்றன. தட்டையாகத் தோன்றிய நிலம் மேடும் பள்ளமுமாக உருவம் கொள்கிறது.

மூன்றாவது, கதிரவன் மறைந்தபின் எஞ்சும் அந்தியொளி. இதில் நிழல்களே இல்லை. வானின் நீலமும் செம்மையும் நீரில் மென்மையாகப் படியும். ஒளி குறைவாக இருப்பதால் கேமராவின் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்தால் படம் அசைந்துவிடும் என்பதால் முக்காலி தேவைப்படுகிறது.

ஐரோப்பிய நாட்டு ஒளிப்பட நூல்கள் அந்தியொளி நெடுநேரம் நீடிக்கும் எனக் கூறுவதுண்டு. அந்நாடுகளில் கதிரவன் சாய்வாக இறங்குவதால் அது உண்மையே. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தமிழ்நாட்டிலோ கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. இங்கு அந்தியொளி 20 முதல் 25 நிமிடங்களுக்குள் மங்கிவிடும். ஆகவே, நிற்கும் இடத்தை முன்னரே தெரிவு செய்தவர்க்கே அது பயன்படும்.

தெரியுமா?

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856ஆம் ஆண்டு அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப். அவர் 1858ஆம் ஆண்டு மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படமெடுத்தார். மதுரையை அடுத்த யானைமலையும் அவற்றுள் ஒன்று. மெழுகு பூசிய தாளே அவருடைய நெகட்டிவ். அக்கால வேதிப்பொருள்கள் நீல ஒளியை மிகுதியாக ஈர்த்ததால் வானம் வெறும் வெண்மையாகவே பதிவாயிற்று. அக்குறையைப் போக்க அவர் சில நெகட்டிவ்களின்மீது மேகங்களைக் கையால் தீட்டினார். படத்தைத் திருத்தும் வழக்கம் ஒளிப்படக் கலையின் தொடக்கக் காலத்திலேயே தோன்றிவிட்டது என்பதற்கு இது சான்றாகும்.

வானமா, நீரா?

குளத்தைப் படமெடுப்பவர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல் நீர் ஒரு கண்ணாடி என்பதே. நேர் மேலிருந்து நோக்கும்போது நீர்ப்பரப்பு தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காட்டை மட்டுமே எதிரொளிக்கிறது. எஞ்சியது உள்ளே செல்கிறது. ஆதலால் தெளிந்த நீரின் அடியில் உள்ள கல்லும் பாசியும் தெரிகின்றன. பார்வை சாயச் சாய எதிரொளிப்பு மிகுகிறது. நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து நோக்கினால் ஏறத்தாழ ஒளி முழுவதும் எதிரொளிக்கப்பட்டு, நீருக்குப் பதிலாக வானமும் எதிர்க்கரை மரங்களும் தெரிகின்றன. கேமராவைத் தாழ்த்தினால் குளம் வானமாகிறது. உயர்த்தினால் குளம் குளமாகிறது.

எதிரொளிப்பைக் குறைப்பதற்குப் போலரைசர் என்னும் வடிகட்டியை லென்ஸின் முன் பொருத்துவர். நீர்ப்பரப்பில் பட்டு எதிரொளிக்கும் ஒளியின் அதிர்வுகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அமைகின்றன. வடிகட்டியைத் திருப்பும்போது அத்தளத்து ஒளி தடுக்கப்பட்டு, நீரின் உட்புறத்திலிருந்து வரும் ஒளி மட்டும் கேமராவை அடைகிறது. பார்வைக்கோடு நீர்ப்பரப்புடன் ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் இருக்கும்போது இவ்விளைவு மிகுதியாக இருக்கும். நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருந்தால், 2 மீட்டர் தொலைவிலுள்ள நீரில் இக்கோணம் அமையும். நான்கரை மீட்டர் உயரக் கரைமீது நோக்கு அமைந்தால், 6 மீட்டர் தொலைவிலுள்ள நீரில் அமையும். அதற்கப்பால் உள்ள நீர் படிப்படியாக மீண்டும் கண்ணாடியாகிவிடும்.

வடிகட்டியைத் திருப்பும் அச்சிறு செயலில் ஒரு தேர்வு அடங்கியுள்ளது. ஒரு புறம் திருப்பினால் செவ்வானம் படிந்த குளம் கிடைக்கும். மறுபுறம் திருப்பினால் அதே குளத்தின் உண்மையான நிறமும், மிதக்கும் குப்பையும், படர்ந்த பாசியும் வெளிப்படும். இரண்டும் மெய்யான படங்களே. எனினும், முதற்படம் வானத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாம் படம் நீரைப் பற்றிப் பேசுகிறது. எதைப் பற்றிப் பேச விரும்புகிறோம் என்னும் தெளிவு இல்லாதவர் அழகான படத்தை எடுத்துவிட்டு, குளம் நலமாக இருப்பதாகப் பிறரை நம்பவைத்துவிடக் கூடும்.

கேமரா காணாதது

நீரின் நலம் திருப்பூர் வட்டாரத்தில் வெறும் அழகியல் வினா அன்று. பருத்தித் துணிக்குச் சாயமேற்றும்போது சாயம் இழையில் நன்கு பற்றுவதற்காகப் பெருமளவு உப்பு சேர்க்கப்படுகிறது. சாயமேற்றி அலசிய நீரில் எஞ்சிய சாயமும் உப்பும் கலந்திருக்கும். நெடுங்காலம் அக்கழிவுநீர் நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்திற்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்நீர் தேங்கியது. பயிருக்கு உதவ வேண்டிய அணையே நிலத்தையும் கிணற்றையும் உவர்ப்பாக்கும் நிலை ஏற்பட்டது. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். வழக்கின் தொடர்ச்சியாக 2011ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதனால் பல தொழிலாளர் குடும்பங்கள் வேலையின்றித் தவித்தன. பின்னர், கழிவுநீரை வெளியேற்றாமல் எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கல் ஆகிய முறைகளால் தூய்மைப்படுத்தி, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் முறை நிலைபெற்றது.

இவ்வரலாற்றை ஒளிப்படம் எந்த அளவுக்குக் கூற இயலும்? சிவப்பும் கருநீலமுமாக ஓடும் நீரைக் கேமரா எளிதில் பதிவு செய்யும். சாயத்தின் நிறத்தை நீக்கிவிட்டால், கரைந்துள்ள உப்பை அதனால் காண இயலாது. உவர்நீரும் நன்னீரும் படத்தில் ஒன்றுபோலவே மின்னும். நுரையும் அப்படியே. எற்பாட்டின் பொன்னொளியை எதிரே கொண்டு எடுத்தால், கழிவினால் பொங்கும் நுரை வெண்மேகம்போல் அழகாகத் தோன்றும். அழகிய படம் தூய நீருக்குச் சான்றாகாது.

ஆயினும், கூர்ந்து நோக்குபவர்க்கு நிலம் குறிப்புகளைத் தருகிறது. நீர் வற்றிய கரையோரத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்த உப்பு, நுனி கருகிய தென்னங்கீற்றுகள், உவர்நிலத்தில் மட்டும் செழிக்கும் செடிகள் ஆகியவற்றைப் படத்தில் சேர்க்கலாம். நீரைக் காட்டாமல் நீரின் வரலாற்றைக் காட்டும் வழி அது. எனினும், கருகிய கீற்றுக்கு வறட்சியோ நோயோ காரணமாகலாம். காரணத்தை ஆய்வுக்கூடச் சோதனையே உறுதி செய்ய வேண்டும். ஒளிப்படம் வினாவை எழுப்பும்; விடையை முழுமையாகத் தருவதில்லை.

கொங்கின் காடு

குளக்கரையிலிருந்து விலகிக் காங்கயம், தாராபுரம் திசையில் சென்றால் வேறொரு நிலக்காட்சி விரிகிறது. காடு என்றதும் அடர்ந்த பசுமையை எதிர்பார்ப்பவர் ஏமாற்றம் அடைவார். கொங்கு வட்டாரப் பேச்சு வழக்கில் ‘காடு’ என்பது மானாவாரி விளைநிலத்தையும் குறிக்கும். ‘காட்டுக்குப் போய்விட்டார்’ என்றால் தோட்டந்துரவு வேலைக்குச் சென்றிருக்கிறார் என்றே பொருள். அவ்வழக்குக்கு ஏற்ப இங்கு அமைந்த தனித்தன்மை வாய்ந்த மேய்ச்சல் நிலமே ‘கொறங்காடு’.

கொறங்காட்டில் தரையில் கொழுக்கட்டைப்புல் வளர்ந்திருக்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் குடைபோல் நிற்கும். சுற்றிலும் கிளுவையை நட்டு உயிர்வேலி அமைத்திருப்பர். காங்கயம் மாடுகளும் செம்மறியாடுகளும் அதனுள் மேயும். வெள்வேலின் நெற்றுகள் உதிர்ந்து கோடையில் ஆடுகளுக்குத் தீவனமாகும். குறைந்த மழையில் மனிதர், கால்நடை, மரம், புல் ஆகிய நான்கும் சேர்ந்து வாழும் ஏற்பாடு இது. காப்புக்காடாக இல்லாமல் உழவரின் உழைப்பால் நிலைத்திருக்கும் காடு எனவும் இதனைக் கூறலாம்.

இத்தகைய காட்டைப் படமெடுப்பதற்குத் தனிப்பயிற்சி வேண்டும். அடர்காட்டில் மரங்கள் நிறைந்து வழிவதால் எதை நீக்குவது என்பது சிக்கல். கொறங்காட்டில் வெளி மிகுதி என்பதால் பார்வை எங்கே நிலைகொள்வது என்பது சிக்கல். வேலிக்கோடு இங்குத் துணை செய்கிறது. முன்னால் தொடங்கித் தொலைவுக்குச் செல்லும் கிளுவை வேலி, பார்ப்பவர் கண்ணைப் படத்தின் உள்ளே அழைத்துச் சென்று, வானில் எழுந்து நிற்கும் ஒற்றை வெள்வேலில் நிறுத்துகிறது. கோடையில் இலையின்றிச் சாம்பல் நிறத்தில் நிற்கும் அவ்வேலி மழைக்குப் பின் பசுமை கொள்ளும். இரு பருவங்களிலும் ஒரே இடத்தில் நின்று எடுக்கப்படும் படங்கள் இந்நிலத்தின் வாழ்க்கைமுறையைச் சொற்களின்றி விளக்கவல்லவை.

மரங்களின் அடியில் எடுக்கப்படும் படங்களுக்கு வெயில் பகையாவதும் உண்டு. இலைகளின் இடைவெளியில் விழும் ஒளித்திட்டுகளையும் அவற்றை ஒட்டிய கருநிழலையும் ஒரே படத்தில் தெளிவாகப் பதிவு செய்வது கேமராவுக்குக் கடினம். மேகமூட்டமான பிற்பகலில் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வருவதால் பட்டையின் வெடிப்பும் புல்லின் பச்சையும் தெளிவாக அமையும். முல்லை நிலத்துக்குக் கார்காலமும் மாலையும் உரியன என்று வகுத்த தமிழ்மரபை மேகம் சூழ்ந்த கொறங்காட்டில் நிற்பவர் கண்ணாலேயே உணரலாம்.

சட்டத்துக்கு உள்ளும் வெளியும்

நான்கு கோடுகளால் ஆன சட்டத்துக்குள் உலகை அடக்குவதே ஒளிப்படம். உள்ளே வைப்பது எவ்வளவு முக்கியமோ, வெளியே விடுவதும் அவ்வளவு முக்கியம். குளத்தின் ஒரு கோடியில் பறவைகளும் மறு கோடியில் குப்பை மேடும் இருப்பதாகக் கொள்வோம். பறவைகளை மட்டும் படமெடுத்தால் குளம் சொர்க்கமாகத் தோன்றும். குப்பையை மட்டும் எடுத்தால் குளம் அழிந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டுமே குளத்தின் முழு உண்மை அல்ல.

லென்ஸும் தன் பங்கை ஆற்றுகிறது. அகன்ற கோண லென்ஸை அணுக்கமாக வைத்து எடுத்தால் முன்னிருக்கும் நாணல் பெருத்தும் பின்னிருக்கும் ஆலைக் கட்டடம் சிறுத்தும் தெரியும். தொலைவில் நின்று தொலைநோக்கு லென்ஸைப் பயன்படுத்தினால் முன்னும் பின்னும் நெருங்கிவிடும். வெகுதூரத்தில் உள்ள புகைபோக்கி நீரின் ஓரத்திலேயே நிற்பதாகத் தோன்றும். இரு படங்களிலும் பொய் ஏதும் இல்லை. ஆனால், எங்கிருந்து எந்த லென்ஸால் எடுக்கப்பட்டது என்பதை அறியாதவர் தவறான முடிவுக்கு வர இடமுண்டு.

இன்றைய திறன்பேசிகள் இச்சிக்கலை மேலும் வளர்த்துள்ளன. வானுக்கும் நீருக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டைச் சமன்செய்யப் பல படங்களை எடுத்துத் தாமே இணைத்துவிடுகின்றன. இலையை மேலும் பச்சையாகவும் வானத்தை மேலும் நீலமாகவும் மாற்றிவிடுகின்றன. கம்பியையோ கட்டடத்தையோ ஒரே தொடுதலில் நீக்கும் வசதியும் உள்ளது. ஒளியைச் சமன்செய்வது கண் கண்டதை நெருங்குவதற்கான முயற்சி. அங்கு இருந்ததை அழிப்பதும் இல்லாத பறவையைச் சேர்ப்பதும் வேறு வகை. அலங்காரத்துக்காக வரையப்படும் ஓவியத்தில் அவற்றுக்கு இடமுண்டு. ‘இது இன்ன குளம்’ என்று பெயரிட்டு வழங்கும் படத்தில் இடமில்லை.

தெரியுமா?

தமிழில் முன்னோடி நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912 – 1996) இயற்கையியலாளர், ஒளிப்படக் கலைஞர். வண்ணப்படச் சுருள் பரவலான பின்னரும் கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தவர். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996 வரை இயற்கை குறித்த பத்தியைத் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் இயற்கை குறித்த கட்டுரைகள் எழுதியுள்ளார்.

பறவைக்குப் பின்னரே படம்

நீர்நிலை ஒளிப்படக் கலைஞருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. சரணாலயத்துள் நுழைவதையும் படமெடுப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. வனத்துறையின் விதிகளை அறிந்தே உள்ளே செல்ல வேண்டும். பறவைகள் பறந்தால் படம் சிறக்கும் என்று கல்லெறிவதும் கைதட்டுவதும் தவறு. நெடுந்தொலைவு பறந்து வந்த வலசைப் பறவைக்கு இரை தேடும் ஒவ்வொரு மணி நேரமும் இன்றியமையாதது. வீணாகப் பறக்க நேர்ந்தால் அது சேமித்த ஆற்றல் குறைகிறது. கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை அகல, முட்டைகள் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகின்றன. ஒரு பறவை தலையை உயர்த்தி அசையாமல் நோக்குமானால் படமெடுப்பவர் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்று பொருள். அப்போது ஓரடி பின்வாங்குவதே முறை.

மனிதர்க்கும் இம்மதிப்பு உரியது. குளக்கரையில் மாடு மேய்ப்பவரும் துணி துவைப்பவரும் நிலக்காட்சியின் அலங்காரப் பொருள்கள் அல்லர். அவர்களுடைய ஒப்புதலைக் கேட்டபின் படமெடுக்க வேண்டும். கேட்கும்போது தொடங்கும் உரையாடலில், குளம் எந்த ஆண்டு நிரம்பியது, எந்த ஆண்டு வறண்டது, முன்பு எந்தப் பறவை வந்தது என்பன போன்ற செய்திகளும் கிடைக்கும். படத்தின் கீழே எழுதத்தக்க குறிப்புகள் அவை.

ஓரிடம், பல ஆண்டுகள்

ஒளிப்படங்கள் நிலத்தைக் காத்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861ஆம் ஆண்டு பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். அப்பகுதியை நேரில் காணாத பலருக்கு அப்படங்களே அதன் சிறப்பை உணர்த்தின. 1864ஆம் ஆண்டு அதனைப் பாதுகாக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அம்முடிவுக்கு உதவிய காரணங்களுள் அப்படங்களும் இடம்பெறுகின்றன.

உலகப்புகழ் பெற்ற பள்ளத்தாக்குக்கு மட்டும் உரிய வாய்ப்பன்று இது. ஊர்க் குளத்துக்கும் இதனைச் செய்ய இயலும். அதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. குளக்கரையில் மாறாத அடையாளம் ஒன்றை, எடுத்துக்காட்டாக மதகையோ எல்லைக்கல்லையோ, தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் அருகில் நின்று ஒரே உயரத்தில், ஒரே திசையில், மாதந்தோறும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும். படத்துடன் நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை, அன்று கண்ட பறவைகள் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். பள்ளியின் சூழல் மன்றம் இப்பணியை ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குக் கைமாற்றித் தரலாம்.

தனித்தனியே நோக்கினால் அப்படங்களுள் பல சிறப்பற்றவையாகத் தோன்றும். வரிசையாக வைத்து நோக்கினால் நீர்மட்டம் ஏறி இறங்குவதும், ஆகாயத்தாமரை பரவுவதும், கரை சுருங்குவதும், நட்ட மரம் வளர்வதும் ஐயத்துக்கு இடமின்றிப் புலப்படும். குளம் முன்பு இவ்வளவு பரந்திருந்தது என்று முதியவர் கூறுவதை இன்று நினைவு என்று ஒதுக்கிவிடலாம். பத்தாண்டுப் படவரிசையை அவ்வாறு ஒதுக்க இயலாது.

எற்பாடு முடிந்து இருள் சூழும்போது ஒளிப்படக் கலைஞரின் பணி பாதியளவே முடிந்திருக்கும். எடுத்த படத்துக்கு நாளும் இடமும் நேரமும் குறித்து, நீரில் கண்டதையும் எழுதிச் சேர்த்த பின்னரே அது நிறைவெய்தும். நிலத்தையும் பொழுதையும் சேர்த்துச் சொன்ன தமிழ்மரபு, அக்குறிப்பை எழுதும் கைக்கு வழிகாட்டுகிறது.